தன்பாலீர்ப்பு ஆண்களின் பாலியல் நலத்தில் அவர்களுடைய மன பலங்களுக்கு என்ன பங்கு?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவருக்கு 27 வயது. ஆண்களை விரும்பும் ஆண். வீடு மதுரைப் பக்கம், வேலை சென்னையில். ஆணுறை, எச்.ஐ.வி., பரிசோதனை எல்லாம் அவருக்கு மனப்பாடம். "அலுவலகத்தில் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் காண்டம் வேண்டாம் என்றால் நானும் சரி என்று விட்டுவிடுகிறேன். எனக்கு மனவலிமை இல்லையா? ஒருவருடைய குணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இப்போது எட்டு மாதமாக ஒருவரோடு இருக்கிறேன். இரண்டு பேரும் டெஸ்ட் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, தொடர்பு உண்டு. நிறையவே உண்டு. ஆனால் அதற்கு மனவலிமை என்று நீங்கள் வைத்திருக்கும் பெயர்தான் உங்களைக் குழப்புகிறது. மனவலிமை என்றதும், பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை அடக்குவது என்று நம் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது, ஏதோ விரதம் இருப்பது மாதிரி. எச்.ஐ.வி. ஆலோசகராகச் சென்னையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். "தெரிஞ்சேதான் சார் விட்டுட்டேன்" என்று என் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தவர்களில், மனவலிமை இல்லாதவர் என்று சொல்லத்தக்க ஆள் அநேகமாக ஒருவரும் இல்லை. அப்பா இறந்தபின் பதினெட்டு வயதில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் உண்டு. வகுப்பே சேர்ந்து ஐந்து வருடம் கேலி செய்தும் படிப்பை விடாதவர் உண்டு. இவர்களைப் பலவீனர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி. திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. சட்டைப்பையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்ன டைரி. அதில் தங்கச்சி கல்யாணக் கடன், ஏலச்சீட்டு, அம்மாவின் சுகர் மாத்திரை, வண்டிக்கு ஆயில் மாற்றிய தேதி என்று ஒவ்வொரு ரூபாயும் எழுதியிருக்கும். ஆறு வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அதே ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. ஒரு காய்ச்சல் விடாமல் அடித்து, பயந்துபோய் வந்திருந்தார். எனக்கு வழக்கமான அறிவுரையைச் சொல்ல மனம் வரவில்லை. "இந்த டைரியில உங்க பேர்ல ஏதாவது செலவு இருக்கா?" என்று கேட்டேன். புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். "வண்டிக்கு சர்வீஸ் விட்டது இருக்கு" என்றார்.

ரத்தத்தில் எதுவும் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். கிளம்பும்போது மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியில் "சர்வீஸ்" என்று எழுதிக்கொண்டார். யார் பார்த்தாலும் வண்டிக்கணக்கு என்றுதான் நினைப்பார்கள். மூன்று மாதம் கழித்து வந்தபோது என் முன்னாலேயே அந்த வரிக்கு நேராக டிக் அடித்தார். அவருக்கு நான் எந்தப் புது வலிமையையும் கொடுக்கவில்லை. ஒழுங்கும் பொறுப்பும் முன்யோசனையும் அவரிடம் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன. அந்தக் கணக்கில் அவர் பெயர் மட்டும்தான் ஏறாமல் இருந்தது.

ஆராய்ச்சியாளர்களும் இந்த இடத்துக்கு வந்துசேரக் காலம் பிடித்தது. 2003-இல் ரான் ஸ்டாலும் அவருடைய குழுவினரும் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நான்கு அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ 2,900 ஆண்களிடம் திரட்டிய தகவல்களை வெளியிட்டார்கள். போதைப் பழக்கம், மனச்சோர்வு, சிறு வயதில் நடந்த பாலியல் கொடுமை, துணைவரிடம் வாங்கிய அடி என்று ஒருவர் சுமக்கும் துன்பங்கள் கூடக் கூட, எச்.ஐ.வி. ஆபத்தும் கூடியது என்று காட்டியது அந்த ஆய்வு. முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனால் அதற்கப்புறம் பல வருடம், இந்த ஆண்களிடம் என்னென்ன குறை என்று எண்ணுவதே வேலையாகப் போனது. பின்னால் அதே ஆராய்ச்சி வட்டத்தைச் சேர்ந்தவர்கள் அதே எண்களை மறுபக்கமாகத் திருப்பிப் படித்தார்கள். மூன்று, நான்கு துன்பங்களை ஒருசேரச் சுமந்தவர்களிலும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஆபத்தான உறவைத் தவிர்த்திருந்தார்கள். அவ்வளவு அடி வாங்கியும் இவர்களைத் தாங்கிப் பிடித்தது எது? இந்தக் கேள்வி அங்கேதான் தொடங்கியது. பிறகு அதற்குக் கிடைத்த பதில்களில் திரும்பத் திரும்ப வருபவை சில: தன்னை ஏற்றுக்கொள்வது, ஒளிவு மறைவில்லாமல் பேச ஒரு நண்பராவது இருப்பது, நாளையைப் பற்றி ஏதாவது ஒரு எதிர்பார்ப்பு.

உளவியலில் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் மனிதரின் நல்ல குணங்களை 24 ஆக வகைப்படுத்தினார்கள். துணிவு, நேர்மை, அன்பு, இரக்கம், முன்யோசனை, தன்னடக்கம், நம்பிக்கை என்று அந்தப் பட்டியல் போகும். பட்டியலைப் பார்த்தவுடன், இவை எல்லாம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று தோன்றும். என் அனுபவத்தில் அப்படி இல்லை. ஒரே குணம் ஓரிடத்தில் காப்பாற்றும், இன்னோரிடத்தில் கவிழ்க்கும். துணிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பரிசோதனைக் கூடத்தின் படியேற அது வேண்டும். அதே துணிவு "ஒரு தடவையில என்ன ஆயிடும்" என்றும் பேசும்.

அன்பின் கதை இன்னும் சிக்கலானது. ஆணுறையை விடுவது பெரும்பாலும் முன்பின் தெரியாதவரோடு அல்ல, மனசு ஒன்றிப்போனவரோடுதான். "இவர்மேலகூட நம்பிக்கை இல்லைன்னா எப்படி?" என்று அன்பே கேட்கும். ஐந்து அமெரிக்க நகரங்களின் தகவல்களை வைத்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்-ஆண் உறவில் நடக்கும் எச்.ஐ.வி. தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலையான துணைவரிடமிருந்தே வந்திருக்கும் என்று மதிப்பிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. தன் நிலை தனக்கே தெரியாமல் இருந்தாலே போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களிடம் கூடுதலாக இருப்பது இரக்கமும் அனுசரிப்பும் என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. அலுவலகத்தில் மேலாளரிடம் "இந்தத் தேதிக்குள் முடியாது" என்று நீங்கள் சொல்லலாம். அதற்காக வேலை போய்விடாது என்று தெரியும். அந்த அறையில் அப்படியா? ஓர் ஆணின் அணைப்புக்காக எத்தனை வருடம் காத்திருந்தீர்களோ! இப்போது வேண்டாம் என்று சொன்னால் எழுந்து போய்விடுவாரோ, இன்னொருவர் கிடைக்க இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ என்ற பயம் முன்னால் வந்து நிற்கும்போது, தெரிந்ததெல்லாம் பின்னால் போய்விடுகிறது. பஞ்சத்தில் இருப்பவரிடம் போய்ச் சோற்றை ஆறவைத்துச் சாப்பிடு என்று சொன்னால் கேட்பாரா? ஆகவே அடுத்த தடவை "நான் பலவீனமானவன்" என்று திட்டிக்கொள்வதற்குப் பதிலாக, "நான் எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். திட்டுக்குக் கிடைக்காது.

இந்தப் பயத்தின் வேர் உங்கள் குணத்தில் இல்லை. வெறுப்பை முன்கூட்டியே எதிர்பார்த்து வாழ்வது, மறைத்து வாழ்வது, ஊர் சொன்ன இழிவைத் தானும் நம்பிவிடுவது ஆகியவற்றை ஓயாத மன அழுத்தமாக 2003-இல் விளக்கி எழுதினார் இலான் மேயர் என்ற ஆராய்ச்சியாளர். படிக்கும்போது யாரோ நம் தெருவில் நின்று எழுதியது போல இருக்கும். எட்டாம் வகுப்பில் நடையைப் பார்த்துச் சிரித்தார்கள். பேருந்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் தொலைக்காட்சியில் ஒரு கேலிக்காட்சி வந்தபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இப்படி இருபது வருடம் உள்ளே போனது, "நான் காப்பாற்றப்பட வேண்டிய ஆள்தானா?" என்ற சந்தேகமாக உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சந்தேகம் இருக்கும் மனிதரிடம் ஆணுறையின் நன்மையை நூறு தடவை சொன்னாலும், அது வேறு யாருக்கோ சொன்னதுபோலத்தான் கேட்கும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பீனா தாமஸும், மயாமி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் சாஃப்ரெனும், மும்பையின் ஹம்சஃபர் அறக்கட்டளையும் சேர்ந்து சென்னை, மும்பை இரு நகரங்களிலும் 600-க்கும் மேற்பட்ட ஆண்களோடு ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்லோருக்கும் எச்.ஐ.வி., பால்வினை நோய்ப் பரிசோதனையும் அதற்கான ஆலோசனையும் கிடைத்தன. பாதிப் பேருக்குக் கூடுதலாக நான்கு குழு அமர்வுகளும் ஆறு தனி அமர்வுகளும் நடந்தன. அவற்றில் ஆணுறைப் பேச்சோடு, தன்னை ஏற்றுக்கொள்வது, தன் மதிப்பை உணர்வது, நெருக்கடியைத் தாங்குவது பற்றிய பேச்சும் முக்கிய இடம் பிடித்தது. 2021-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவுகள் வந்தன. அந்தக் கூடுதல் அமர்வுகளில் உட்கார்ந்தவர்களிடம் ஆணுறை இல்லாத உறவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. தகவல் இரு தரப்புக்கும் கிடைத்ததுதான். தன்னைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்தது ஒரு தரப்புக்கு.

அப்படியொரு அமர்வு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் பயம் போகும். என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் சிக்கலேதான் அவருக்கும். பர்ஸில் காண்டம் எப்போதும் இருக்கும், வெளியே வராது. பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து உறையின் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது. சென்னை வெயிலில் அப்படி வைத்திருந்ததை நம்பக் கூடாது என்று முதலில் அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். பிறகு, "என்னையே அவர்னு நெனச்சுக்கங்க, எப்படிக் கேப்பீங்க?" என்றேன். வெட்கப்பட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா, காண்டம் போட்டுக்கலாமா?" என்றார்.

"முதல் ரெண்டு வார்த்தைய எடுத்துட்டுச் சொல்லுங்க."

"ஒண்ணு கேக்கலாமா, காண்டம்..."

"அதுவும் வேணாம்."

"காண்டம் போட்டுக்கலாமா?"

"கேள்வியா கேக்காம, சொல்லிப் பாருங்க."

அதற்குத்தான் நேரம் பிடித்தது. நாலைந்து தடவை தொண்டையைச் செருமினார். கடைசியில், "காண்டம் போட்டுக்கலாம். அது இல்லாம எனக்கு வேணாம்" என்றார். சொன்னவுடன் அவருக்கே குரல் புதிதாக இருந்தது போலும், என்னைத் திரும்பிப் பார்த்தார். தப்பா நினைக்காதீங்க என்பது நம் பேச்சில் பொடிப் பொடியாகக் கலந்து கிடக்கும் சொல். எத்தனை பேர் அதைச் சொல்லித் தங்கள் உடம்பைக் காக்கவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதன் பின்னால் யாரிடமும் நான் இந்தப் பயிற்சியைத் தவிர்ப்பதில்லை. நீங்களும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், நம்பிக்கையான நண்பர் இருந்தால் அவரிடம் சொல்லிப் பாருங்கள். வாய் பழகியிருந்தால் அந்த நேரத்தில் சொல் தானாக வரும்.

நண்பர் என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. தன்பாலீர்ப்பு ஆண்களின் பாலியல் நல வரலாற்றில் மிகப் பெரிய பலம் எது என்று கேட்டால் நட்பு என்றுதான் சொல்வேன். 1983-இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் வரிசையாக உயிர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நோய்க்குக் காரணம் எது என்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்லும் முன்பு, ரத்தப் பரிசோதனை வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, மருந்து என்ற பேச்சே இல்லாதபோது, மைக்கேல் காலன், ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு பேர், ஜோசப் சோனபெண்ட் என்ற மருத்துவரின் துணையோடு நாற்பது பக்கக் கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். காலன், பெர்கோவிட்ஸ் இருவருமே நோயாளிகள். உறவே வேண்டாம் என்று அவர்கள் எழுதவில்லை. ஆணுறையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒருவர்மேல் ஒருவர் அக்கறை வையுங்கள் என்று எழுதினார்கள். பெரும்பாலும் கர்ப்பத் தடைக்கான பொருளாகவே ஆணுறையைப் பார்த்த காலம் அது. அரசாங்கமோ பெரிய மருத்துவமனையோ சொல்லித்தராததை, சாவின் நடுவில் நின்றுகொண்டு நண்பர்களுக்காக யோசித்துக் கண்டுபிடித்தார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று யாராவது என்னிடம் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் பாதுகாப்பான உறவு என்ற எண்ணம் வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி கொஞ்சம் நடைமுறை. அந்த நேரத்து மனத்தை நம்பி எதையும் விடாதீர்கள் என்பது என் கட்சி. உங்களிடம் ஒழுங்கும் திட்டமும் உண்டு, வேலையில் காட்டுகிறீர்கள். முடிவை, நிதானம் இருக்கும் நேரத்துக்கு நகர்த்தி வையுங்கள். அதற்கென்றே வந்ததுபோல ஒரு மருந்து இருக்கிறது: பிரெப் மாத்திரை. எச்.ஐ.வி. இல்லாதவர் தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடுவது. 2010-இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் ஆறு நாடுகளில் 2,499 பேர் பங்கெடுத்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் மருந்து தெரிந்தவர்களிடம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான், தினமும் பல் தேய்ப்பதோடு அதையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு முழுப் பலன் கிடைத்தது. எனவே டைரி எழுதுகிறவர்கள், அலாரம் வைக்கிறவர்கள் இதற்கு ஏற்றவர்கள். தினமும் முடியாதவர்களுக்கு, உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, பிறகு முதல் வேளையிலிருந்து 24 மணியில் ஒன்று, 48 மணியில் ஒன்று என்ற முறையும் உண்டு. மருத்துவரைப் பார்க்காமல் கடையில் வாங்கித் தொடங்காதீர்கள். எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெப்படைட்டிஸ் பி மூன்றையும் பார்த்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி இருப்பவர் விட்டு விட்டுச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. பிரெப் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும், சிஃபிலிஸையும் கொனோரியாவையும் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒரு தடவை தவறிவிட்டதா? பெப் என்று ஒன்று உண்டு, பாதுகாப்பில்லாத உறவு நடந்த பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் அறைக்குள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் தன்னை மன்னிக்கத் தெரிவதும் ஒரு பலம். மன்னித்தவர் முதல் நாளே வந்துவிடுகிறார்.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பலர் தேங்காய் எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் எதுவானாலும், வாசலினும் சேர்த்து, லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே இளக்கிவிடும், பிறகு கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். ஆணுறையும் போட்டு எண்ணெயும் தடவி, "நான் பாதுகாப்பாத்தானே இருந்தேன்" என்று அழுதவரை என்னால் மறக்க முடியவில்லை. அவர் எல்லாம் சரியாகத்தான் செய்தார், இந்த ஒன்றை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் மூன்று ஊசி, முடிந்தது. குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் குடித்தால்தான் இன்னொரு ஆணைத் தொட முடிகிறது என்றால், அங்கே பேச வேண்டியது கூச்சத்தைப் பற்றித்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பலம், குணம் என்று பேசும்போது, தொற்று வந்தவர் குணம் கெட்டவர் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைவிடப் பெரிய பொய் இல்லை. எச்.ஐ.வி. வந்தவர்களில் நான் பார்த்த நெஞ்சுரம் வேறு எங்கும் பார்த்ததில்லை. கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் வழியாக எச்.ஐ.வி. பரவாது. 2019-இல் வந்த பார்ட்னர்-2 ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணையர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 தடவை உறவு நடந்தும், துணைவரிடமிருந்து துணைவருக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை.

பலம் இருந்தும் பயன்படாத சூழலும் உண்டு. 2001-இல் லக்னோவில் ஆணுறையும் விழிப்புணர்வுத் தாள்களும் கொடுத்துவந்த களப்பணியாளர்களையே போலீஸ் கைது செய்து சிறையில் வைத்தது. ஆணுறை வைத்திருப்பதே குற்றத்துக்குச் சாட்சி என்றிருந்தால் முன்யோசனை உள்ளவர் என்ன செய்வார்? தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் அந்தப் பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தளர்த்தியது. எச்.ஐ.வி. சட்டமும் அதே மாதம் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்கிறது அது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். தாளில் இருப்பது எல்லா மேசைக்கும் வந்துசேரவில்லை என்பதும் உண்மை. "கல்யாணம் பண்ணிக்கிட்டா சரியாயிடும்" என்று சொல்லும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு ஒருவரைப் பாருங்கள். அந்தப் பேச்சைக் கேட்டு மணம் முடித்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, மனைவியின் உடம்பும் உங்கள் முடிவில் இருக்கிறதே, அதற்கும் ஒரு வழி யோசித்தீர்களா என்பதுதான். திட்டுவதில்லை. ஆனால் கேட்காமல் விட்டதும் இல்லை.

மனம் ரொம்பக் கனத்தால் 14416 என்ற அரசு மனநல எண்ணில் இரவிலும் பேசலாம். எச்.ஐ.வி. பற்றி என்றால் 1097.

கடைசியாக, எட்டு மாத நண்பர். "டெஸ்ட் எடுக்கலாமா" என்று அவரிடம் கேட்க உங்களுக்கு வாய் வராததற்குக் காரணம், அது "உன்மேல் சந்தேகம்" என்று காதில் விழும் என்ற பயம். அதனால் அவரைப் பற்றிக் கேட்க வேண்டாம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். படுக்கையில் அல்ல, எங்காவது நடந்துபோகும்போது, முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டாத இடத்தில்: "சனிக்கிழமை நான் டெஸ்ட் எடுக்கப் போறேன். கூட வர்றியா?" அவ்வளவுதான். அவர் ஏன் என்று கேட்டால், "உன்னோட ரொம்ப நாள் இருக்கணும்னு நெனைக்கிறேன்" என்பது உண்மையான பதிலாக இருந்தால் அதையே சொல்லுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வோம் என்று போகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு நடந்த இணையர்கள் முடிவு எதுவானாலும் சேர்ந்தே வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையம் உண்டு. ஆணோடு உறவு என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தொண்டையிலும் ஆசனவாயிலும் வரும் கொனோரியா அறிகுறியே காட்டாமல் இருக்கலாம், சொன்னால்தான் அங்கே பார்ப்பார்கள். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் இருந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், இப்போது ஒரு தடவையும் மூன்று மாதம் முடிந்து ஒரு தடவையும் எடுங்கள். முதல் பரிசோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஆணுறையை விட வேண்டாம். காலையில் போனால் கூட்டம் கொஞ்சம் இருக்கும், இரண்டு பேருமே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை.